வெல்லம் போடாத போளி

என் மருமகள் கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, திருப்பதியிலிருந்து சிறுகுறிஞ்சான் பொடி வாங்கி வந்திருக்கிறாள். சர்க்கரை இறங்குமாம், கொழுப்பு கரையுமாம், எடையும் குறையுமாம். ஒரே பொடி மூன்று வேலை செய்யும் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த இலை ஒரு வேலையைத் தவறாமல் செய்யும். அதை எட்டு வயதில் வடமாலபேட்டையில் என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் வேலியில் அந்தக் கொடி படர்ந்திருந்தது. நைனாவுக்குச் சர்க்கரை வியாதி. காய்ந்த இலைப் பொடியை விடியற்காலையில் வெந்நீரில் கலக்கி ஒரே மடக்கில் விழுங்கிவிடுவார். பச்சை இலையை மென்று பார்த்தவர்கள் வீட்டில் இரண்டே பேர்: நானும், நைனாவின் தங்கையான அத்தையும். மென்ற பிறகு வெல்லத்தைத் தின்றால் மண்ணைத் தின்பதுபோல் இருக்கும். அரைமணி நேரத்துக்கு நாக்கில் தித்திப்பே ஏறாது. உப்பும் புளிப்பும் மட்டும் எப்படித் தப்பின என்று நான் ஊறுகாய், முறுக்கு, வெல்லம் என வரிசையாகச் சோதித்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் அத்தைக்குத் திருப்பதியில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்தது. அதே வாரம் கார்வேட்டிநகரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பெல்லாம் கிடையாது என்று முன்னதாகவே சொல்லியனுப்பியிருந்தார்கள். நைனா சரி என்றுவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை.

வந்தவர்கள் ஐந்து பேர். மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் சர்க்கரை வியாதி என்பதால் பேச்சு பொடிக்குப் போயிற்று. உடனே அத்தை தட்டு நிறையப் பச்சை இலையோடு தலைகுனிந்து வந்து நின்றாள்.

“பொடியவிட பச்சையா மென்னா நல்லதுங்க. ஒடம்பும் எளைக்கும்.”

மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் பருமன். அவர்தான் முதலில் கைநீட்டினார். “கசந்தாலும் பரவால்ல. பொண்ணுக்கு எவ்ளோ பொறுப்பு பாரு” என்று மற்ற நால்வரையும் மென்று தின்ன வைத்தார்.

அடுத்து போளி வந்தது. ஒரு வாய் தின்றதும் அந்த அம்மாவின் முகம் மாறியது.

“இன்னாங்க, வெல்லமே போடலியா? வெறும் பருப்ப துன்ற மாதிரி கீது.”

நைனா பதறி ஒரு துண்டு பிட்டுத் தின்றார். “நல்லா தித்திக்குதேம்மா!”

“அப்போ எங்க அஞ்சி பேரு நாக்கும் பொய் சொல்லுதா? இல்ல, எங்களுக்கு மட்டும் தனியா சுட்டீங்களா?”

“நைனா, அந்த எலை...” என்று நான் ஆரம்பித்தேன். அத்தை ஒரு முழுப் போளியை என் வாயில் திணித்தாள். நான் விழுங்கி முடிப்பதற்குள் அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

இலையின் குணத்தை அத்தை மறந்துவிட்டாள், பாவம் என்று எனக்கு ஒரே வருத்தம். நைனா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே அவளைத் திருப்பதி பஸ்ஸில் ஏற்றிவிட்ட அன்று, ஜன்னலோரம் நின்று ஆறுதல் சொன்னேன்.

“கவலப்படாத அத்தே. அடுத்த தபா பொண்ணு பாக்க வர்றதுக்குள்ள அந்தக் கொடிய நானே வெட்டிப்புடறேன்.”

அத்தை என் கையை இறுகப் பிடித்தாள். “வெட்டாதடா. தெனம் தண்ணி ஊத்து.”

ஏன் என்று கேட்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. காரணம் தெரியாமலே தினமும் இரண்டு செம்பு ஊற்றினேன்.