நாலு வரியும் ஒரே போர்டு

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி. ஆனால் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எங்கே போகும் என்று போர்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். படிப்பதில்லை, எழுத்தின் நீளத்தையும் வளைவையும் பார்ப்பேன். ஒரே ஒருமுறை ஏமாந்தேன். டிரைவர் பழைய போர்டை மாற்றவில்லை. கடலூர் என்று ஏறி உட்கார்ந்தேன், கண்டக்டர் வந்த பிறகுதான் வண்டி விருத்தாசலம் போகிறது என்று தெரிந்தது. ஜன்னலோரம் நல்ல காற்று, அதை விடுங்கள்.

பேத்தி சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்த கடைசி வருஷம், பலாச்சுளை கொடுக்க அவள் ரூமுக்குப் போயிருந்தேன். அன்று பதினொரு மணிக்கு அவளுடைய புரோகிராமைப் பார்க்க வெளியூர் வாத்தியார் வருகிறார். அதில் தேறினால்தான் பட்டம். பதற்றத்தில் சுளையைக் கொட்டையோடு கடித்தாள்.

"இது லைப்ரரிக்கு ஆயா. புக்கு சேக்க ஒரு ஃபங்ஷன், தேட ஒண்ணு, குடுக்க ஒண்ணு, திரும்ப வாங்க ஒண்ணு. ஒவ்வொண்ணும் ஒரு வேலைய செய்யற துண்டு. ஓடிக்கிட்டு இருக்கும்போதே புரோகிராம் அதுங்ககிட்ட பேரு கேக்கும். அதுங்க சொல்ற பேர வச்சி தானாவே லிஸ்ட் போடும்."

"கேட்டா சொல்லுமா?"

"சொல்லும், பாரேன்."

தட்டினாள். நாலு வரி வந்தது. அவள் பெருமையோடு என் முகத்தைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

"ஏன்டி, நாலுத்துக்கும் ஒரே பேரா? எல்லா வரியும் ஒரே மாரி இருக்குது!"

திரும்பிப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ ஆயா! நேத்து சரியா வந்துதே. எது எப்ப ஓடுச்சின்னு குறிச்சிக்க, காலைலதான் ஒவ்வொண்ணு மேலயும் ஒரே மாரி உறை போட்டேன். இப்ப கேட்டா உள்ள இருக்கறது பேர சொல்லல, உறை தன் பேர சொல்லுது!"

"போர்ட மாத்தாம வண்டிய எடுத்துட்டியா?"

"அதேதான்! சிரிக்காத ஆயா, மணி பத்தரை!"

உள்ளே இருக்கும் பெயரை எடுத்து உறைமேல் மாட்ட ஒரே ஒரு வரி போதுமாம். எழுதினாள், தட்டினாள். முதல் வரி குட்டை, கடைசி வரி நீட்டு, நடுவில் இரண்டும் வேறு வேறு. நான் கைதட்டிவிட்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மத்தியானம் தெருவிலேயே கத்திக்கொண்டு வந்தாள்.

"பாஸு ஆயா! அந்தாளு மொதல்ல கேட்டதே அந்த லிஸ்டத்தான்!"

அதற்குள் மிச்சச் சுளையை ரூம் பெண்கள் தீர்த்துவிட்டிருந்தார்கள். பாஸானவளுக்குக் கொட்டையை அவித்துக் கொடுத்தேன்.