உதடு ஒட்டாத சொல்

ஏசுரத்தினத்தின் கீழுதட்டில் பாதியை அறுத்து எடுத்துவிட்டார்கள். பர்மாவில், அலோன் பகுதியில் இருந்த கிடங்கு ஒன்றில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவர். அந்த முப்பது வருஷமும் வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கியே வைத்திருந்தார். புற்று வந்தது. உயிர் தப்பியது, உதடு சேரவில்லை. உதடு சேராவிட்டால் ப இல்லை, ம இல்லை. தன் பெயரையே முழுசாகச் சொல்ல முடியாத மனிதர் ஆகிப்போனார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் மகள் புஷ்பலதாவை அவர் வீட்டில் கூப்பிடுவது பாப்பா என்று. பாழாய்ப்போன அந்தச் சொல்லில் உதட்டை விட்டால் வேறென்ன இருக்கிறது?

தாயில்லாப் பெண். லைங் தாயா பேட்டையில் அவள் துணி தைத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தாய்லாந்துக்குப் புறப்படுகிறாள். எப்போது திரும்புவாள் என்று கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

"அப்பா, போறதுக்குள்ள ஒரு தடவ பாப்பான்னு கூப்பிடுங்க."

வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

உதடு சேராமல் பேசுகிற ஜனங்கள் எங்காவது உண்டா என்று கைபேசியில் தேடினார். உண்டு. அமெரிக்காவில் விச்சிட்டா என்றொரு பழங்குடி மொழி. ப கிடையாது. ம வருவது இரண்டே வினைகளில்: சோளம் அரைப்பது, நிலத்தைக் கொத்துவது. யார், யாரை, அது எப்படித் தெரியவந்தது என்பதையெல்லாம் ஒரே வினைச்சொல்லுக்குள் திணித்துவிடுவார்களாம். சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்ததுபோல் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். அடுத்த வரியைப் படித்தார். அதைச் சரளமாகப் பேசிய கடைசி ஆள் 2016இல் இறந்துவிட்டார். ஏசுரத்தினம் தாகேதா பகுதியிலிருந்த தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதார். அவர் வாய்க்குத் தோதான ஒரு மொழி, அதற்கும் ஆள் இல்லை.

ஆனாலும் உதட்டை விட்டுவிட்டு ஒரு ஜனமே பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறதே! தமிழுக்குள் துழாவி ஒரு சொல்லைப் பிடித்தார். கண்ணே. நாக்கு போதும். அவளை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகினார்.

பஸ் நிலையத்தில் பையைத் தூக்கிக்கொண்டு அவள் நகர்ந்தபோது சொன்னார். சுத்தமாக வந்தது.

"கண்ணே."

புஷ்பலதா திடுக்கிட்டு நின்றாள். பர்மியிலேயே வளர்ந்த காது அவளுக்கு. பர்மியில் கன்னே என்றால் குருடாகியிருக்கிறது என்று பொருள்.

"ஐயோ, எப்பலருந்துப்பா? கண்ணு தெரியலியா?"

அவர் தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி, "கண்ணே, கண்ணே" என்றார். கண்ணிலிருந்து நீர் வேறு வழிந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. எழுதிக்காட்டலாமென்றால் அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பர்மியில் எழுத நேரமில்லை, பஸ்காரன் கத்திக்கொண்டிருந்தான். எதிர்க்கடைக்கு ஓடி சொட்டு மருந்து வாங்கிவந்து, அவர் தலையைச் சாய்த்து இரண்டு கண்ணிலும் விட்டாள்.

"தினம் ரெண்டு வேள போடுங்கப்பா. மறந்துராதீங்க."

மருந்து எரிந்தது. அவள் எந்த ஜன்னலிலிருந்து கையசைத்தாள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.