மகளின் சிக்குத் தலை

2006இல் என் மனைவிக்குத் தாம்பரத்தில் காலை ஷிப்ட் வேலை கிடைத்தது. ஏழு வயது மகள் நிஷாவுக்குத் தலைவாரிவிடும் வேலை என் தலையில் விழுந்தது.

நிஷாவுக்கு நூல் போல மெலிந்த, வறண்ட முடி. எண்ணெய் வைத்த பத்தாவது நிமிடமே பஞ்சாகிவிடும். உச்சியில் சீப்பை வைத்து இழுப்பேன். அவள் அலறுவாள். முடி பிய்ந்துகொண்டு வரும். வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும். "இது முடியா, தேங்காய் நாரா?" என்று தினமும் கத்துவேன்.

ஒருநாள் அவள் திரும்பி, "எனக்கு மொட்டை போட்டுடுப்பா. அப்புறம் உனக்குக் கோவமே வராதுல்ல?" என்றாள்.

அவள் முடியிலிருந்து சீப்பை எடுத்துவிட்டேன்.

அலறல் கேட்டு வந்து நின்ற எதிர்வீட்டு பாத்திமா அக்கா என்னிடமிருந்து சீப்பை வாங்கினார். "நுனியிலேர்ந்து சிக்கெடுங்க தம்பி. மேல முடிய இறுக்கிப் புடிச்சுக்கோங்க. அப்பத்தான் வேர் இழுபடாது" என்று செய்து காட்டினார்.

மறுநாள் அப்படியே வாரினேன். நிஷா அழவில்லை. ஆனாலும் சீப்பை எடுத்ததுமே தோள்களைக் குறுக்கிக்கொண்டாள்.

சிக்கெடுக்க ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். அந்தத் தோள்கள் தளர்வதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.