சுழியமும் என் பயற்றுக் கேக்கும்

பயற்றில் கேக் செய்யலாம் என்று கண்டுபிடித்த புண்ணியவதி யாரோ தெரியாது. என் கண்ணில் படாமல் இருக்கும்வரை அவளுக்கு நல்லது. முட்டை வேண்டாம், பால் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், மைதா வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்று வீடியோவில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இத்தனையும் வேண்டாமென்றால் கேக் மட்டும் எதற்கடி என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. அது வந்து வருஷங்கள் ஆகிவிட்டன, அதை ஒரு பொருட்டாகவே அவர் மதித்ததில்லை. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சொந்த நிலம் கொஞ்சம், சிங்கப்பூரில் இருக்கும் ஒருவருடைய நிலம் குத்தகைக்கு. குத்தகை நிலம்தான் எங்களுக்குச் சோறு. போன சம்பாவில் வாய்க்கால் கரையில் நத்தை ஓடு ஒன்று அவர் வலதுகால் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. சின்னக் கீறல்தான். மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுபடி வயலில் இறங்கினார். நெல் கதிர் விட்டது, பால் பிடித்தது, முற்றியது. அந்தக் கீறல் மட்டும் ஆறவே இல்லை.

தஞ்சாவூரில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இறங்கலேன்னா விரலை எடுக்க வேண்டி வரும். அதோட நிக்கும்னும் சொல்ல முடியாது" என்றார். அதை அவரைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். என்னைப் பார்த்துச் சொன்னார். இனிப்பு, நெய், வெண்ணெய், எண்ணெய்ப் பலகாரம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். இவரோ கையில் செருப்பை வைத்துக்கொண்டு, வேறு யாருக்கோ நடக்கிற பேச்சைக் கேட்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிப்பு என்றால் அவருக்கு உயிர். எங்கள் பக்கம் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையில் முதலில் விழுவது இனிப்பு. சுகர் இருக்கிறது என்று யாராவது கையை மறித்தால், பரிமாறுகிறவர் விடமாட்டார். "ஒரு மாத்திரை சேத்துப் போட்டுக்குங்க, ஒண்ணும் ஆகாது." இதுதான் எங்கள் ஜில்லா வைத்தியம். சட்டைப்பையில் மாத்திரை அட்டை இல்லாமல் கல்யாணத்துக்கு வரும் ஆண்பிள்ளை எங்கள் சொந்தத்தில் குறைவு. அந்த மாத்திரை இனிப்புக்கு முன்னால் போட வேண்டியதா, பின்னால் போட வேண்டியதா என்று பந்தியிலேயே விவாதம் நடக்கும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் அழுதேன். பொங்கலுக்கு வந்தபோது ஒரு சின்ன ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பாவால இனிப்பை விட முடியாதும்மா. அவருக்குத் தோதா ஒரு இனிப்பைச் செஞ்சு குடு. ஒரு நாளைக்கு ஒரு சின்னத் துண்டு, டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்" என்று சொல்லி அந்த வீடியோவையும் அனுப்பினாள். பொங்கல் முடிந்ததும் அவள் போய்விட்டாள். நானும் ஓவனும் மிஞ்சினோம்.

வீடியோக்காரி கறுப்பாக ஒரு பயறை எடுத்தாள். எங்கள் வீட்டில் கறுப்பாக இருப்பது உளுந்து. நம் வயலில் விளைந்ததுதானே என்று தாராளமாக அளந்து ஊறவைத்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. உளுந்து கிரைண்டரில் விழுந்துவிட்டால் என் கை என் பேச்சைக் கேட்காது. தண்ணீர் தெளித்துத் தெளித்து, பந்து பந்தாகப் பொங்கி வருகிறவரை ஆட்டி, ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்து, கையாலேயே கரைத்து மூடியும் வைத்துவிட்டேன். காலையில் மாவு புளித்துப் பொங்கியிருந்தது. இத்தனை வருஷப் பழக்கம், என்ன செய்ய? வீணாக்க மனமில்லாமல் அதிலேயே கோகோ பொடியையும் அரைத்த பேரீச்சையையும் கொட்டி ஓவனுக்குள் தள்ளினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அழகாக எழும்பி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே எடுத்தபோது அது கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய புளித்த இட்லி.

அவர் ஒரு விள்ளல் வாயில் போட்டார். கொஞ்ச நேரம் மென்றார். "சாம்பார் இருக்கா?" என்றார்.

பக்கத்து வீட்டு ஓர்ப்படியாள் அன்றைக்கே வந்து பார்த்துவிட்டுப் போய்த் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். குழாயடிக்குப் போனால், "என்னக்கா, இன்னிக்கு சாக்லேட்டு இட்லி உண்டா?" என்று கேலி. சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் வீட்டு ஆம்பளைக்கு விரல் போகப் போவதில்லை, அதனால் சிரிப்பு வருகிறது.

அடுத்து பச்சைப்பயறு. வேகவைத்து அரைத்துப் போட்டால் நடுவில் குழி விழுந்து, சுண்டல் வாடை அடித்தது. தோலை எடுத்துப் பார்த்தேன், குழைந்து களியாகிவிட்டது. ஒரு தடவை நன்றாகவே வந்துகொண்டிருந்தது, பாதியில் கரண்ட் போய்விட்டது. ஓவன் கதவைத் திறக்காமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்து மின்வாரியத்தை மனதாரத் திட்டினேன். கரண்ட் திரும்பி வந்தபோது உள்ளே செங்கல் இருந்தது.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் பயறு தெளிக்கும் காலம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே பயறையும் உளுந்தையும் தெளித்துவிடுவோம். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும், தவறினால் முளைக்காது. அந்தச் சேற்றில் செருப்போடு நடக்க முடியாது. ஆள் விட்டுத் தெளிக்கலாம் என்று கெஞ்சினேன். "குத்தகை நெலத்துக்கு ஆள் விட்டா, ஏன் உனக்கு என்னன்னு ஊரு கேக்கும்" என்றார். கட்டைவிரலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, வாழைநாரால் கட்டிக்கொண்டு இறங்கினார். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வீச்சு வீசுவதற்குள் பை சேற்றோடு போய்விட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெறியோடு அடுப்படியில் நின்றேன். பாயசத்துக்குப் பருப்பை வறுக்கிற மாதிரி பயறை முதலில் வாசனை வரும்வரை வறுத்தேன். பிறகு வேகவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் மிக்சியில் அரைத்தேன். பேரீச்சை, கோகோ, கடலை எண்ணெய், ஏலக்காய், சமையல் சோடா, எலுமிச்சைச் சாறு. இந்தத் தடவை குழி விழவில்லை, வாடையும் இல்லை. விண்டு வாயில் போட்டால் மெத்தென்று கரைந்தது. ஒன்றுமே சொல்லாமல் ஒரு துண்டை அவருக்குக் கொடுத்தேன். "பரவால்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் பத்ம விருது வந்த மாதிரி. "வயலுக்கும் கொண்டுபோறேன், அங்கதான் இனிப்பு தேடும்" என்று அவரே டப்பாவில் வாங்கிக்கொண்டார்.

டப்பா தினமும் காலியாக வந்தது. நான் தினமும் வறுத்தேன், வேகவைத்தேன், உலர்த்தினேன், அரைத்தேன். இடுப்பு ஒடிந்தாலும் சலிக்கவில்லை. கழுவப் போடும் காலி டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் விரல் பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த தடவை தஞ்சாவூர் போனபோது சர்க்கரை இறங்கவில்லை. ஏறியிருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு, "வீட்ல என்னதாம்மா குடுக்கறீங்க?" என்றார். பயறு தப்பா, பேரீச்சை தப்பா, நான்தான் தப்பா? திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கு அவரைத் தட்டி எழுப்பி நாலு கேட்க வேண்டும் போலிருந்தது. என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

பயறு நெற்று முற்றியதும் பறிக்கப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு மோர் எடுத்துக்கொண்டு நான் வயலுக்குப் போனேன். ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "மோரு மட்டுந்தானாக்கா? அந்தக் கறுப்புக் கேக்கு இல்லையா?"

"எந்தக் கேக்கு?"

"அதான் அண்ணன் தினம் கொண்டாருமே. பயத்துக்குக் களை எடுக்க வந்தப்பலேருந்து குடுக்குது. எங்க வீட்டுப் புள்ளைக்குக்கூட முந்தானையில முடிஞ்சிக்கிட்டுப் போனேன். நல்லாருக்குக்கா."

"அப்ப உங்க அண்ணன் என்ன திங்கிறாரு?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி தயங்கித் தயங்கி ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை.

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் நேரடியாகவே கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. "டீயோட ஒரு சுழியம். அவ்வளவுதான்" என்றார். சுழியம் என்றால் பருப்பையும் வெல்லத்தையும் பூரணமாக்கி உருட்டி, மாவில் முக்கி எண்ணெயில் பொரிப்பது. "இத பாரு, உன்னுதுலயும் பயறு, அதுலயும் பருப்பு. உன்னுதுலயும் முட்டை கெடையாது, பால் கெடையாது, அதுலயும் கெடையாது. ரெண்டும் ஒண்ணுதானே?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆத்திரத்தில் சோற்றுத் தட்டை டங்கென்று வைத்தேன். "விரலு போகப் போவுதுங்க. உங்களுக்குப் புரியுதா இல்லையா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எல்லாரும் சுழியம் திங்கிறப்ப நான் மட்டும் டப்பாவைத் தொறந்தா, ஏன்னு கேப்பானுங்க. சுகர்னா சிரிப்பானுங்க, அது பரவால்ல. கட்டைக் கேட்டா முள்ளு குத்துனதுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஆறாத புண்ணுன்னு தெரிஞ்சா? பேச்சு சிங்கப்பூர் போக எவ்வளவு நேரமாவும்? சேத்துல எறங்க முடியாதவன்கிட்ட எவன் குத்தகையை விடுவான்?"

அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை. ஆனால் கோபம் அடங்கவும் இல்லை. நிலத்துக்காக விரலை விடுகிற மனுஷனை என்ன செய்வது? விரலோடு போனால் பரவாயில்லை, கால் போனால் நிலம் மட்டும் நிற்குமா?

மறுநாள் தட்டு நிறையக் கேக்கைத் துண்டு போட்டு, ஈரத்துணியால் மூடி, டீக்கடைக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் பெண்கள் அந்தக் கடை பெஞ்சுப் பக்கம் போவதில்லை. பார்சல் வாங்கக்கூடப் பிள்ளைகளைத்தான் அனுப்புவோம். அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார், இரண்டு பக்கமும் கூட்டாளிகள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. நான் அவரிடம் போகவில்லை. கடைக்காரரிடம், "இதையும் சுழியத்துக்குப் பக்கத்துல வைங்கண்ணே. எல்லாரும் எடுத்துக்கட்டும்" என்றேன். அவர் ஒருத்தருக்கு மட்டும் தனி டப்பா இருந்தால்தானே கேள்வி வரும்? எல்லாருக்கும் ஒரே தட்டு என்றால் யார் என்ன கேட்க முடியும்? ராத்திரியெல்லாம் யோசித்துப் பிடித்த வழி அது.

வழி பாழாய்ப் போயிற்று. அவருடைய கூட்டாளி ஒருவர் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னங்க அண்ணி, திடீர்னு? இது சுகர்காரங்க திங்கிறதாச்சே. எங்க வீட்லயும் இப்படி ஒண்ணைச் செய்யிறேன்னு உசிர வாங்குறா. இங்க யாருக்கு சுகரு?" என்றார்.

பெஞ்சு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. எனக்கு ஏன்தான் வந்தோம் என்றாகிவிட்டது. கடைக்காரர் வழக்கம்போல இவருக்கு டீயை ஆற்றிக்கொண்டு, சர்க்கரை டப்பாவில் கரண்டியை விட்டார்.

"எனக்குச் சக்கரை போடாதீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குத் தெரிந்து அந்தக் கடையில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கரண்டி அப்படியே நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காலு புண்ணு ஆற மாட்டேங்குது. விரல எடுக்கணும்ங்கிறான் டாக்டரு."

இது நிலத்துக்காரர் காதுக்கு எப்படியும் போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் வாயிலிருந்து அதைப் பிடுங்கியது நான்தான்.

கேக்கை முகர்ந்த கூட்டாளி எழுந்து இடம் விட்டார். "காலைத் தொங்கப் போடாதீங்கண்ணே. மேல தூக்கி வைங்க" என்று அவர் காலை இரண்டு கையாலும் எடுத்து பெஞ்சின் மேல் வைத்தார். வைத்துவிட்டு, கடைக்காரரிடம் மெதுவாக, "எனக்கும் சக்கரை வேணாம்ணே" என்றார். அந்தப் பக்கம் இருந்தவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, அதைத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டு கேக் தட்டின் பக்கம் கையை நீட்டினார்.

என் வீட்டுக்காரரும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மென்றார். பெஞ்சு மேல் கட்டுப் போட்ட கால் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டிக் கிடந்தது.

"இன்னிக்கு கொஞ்சம் காஞ்சு போச்சு" என்றார் என்னைப் பார்த்து.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு எண்ணெயைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பயறை வறுக்க ஆரம்பித்தேன்.