கருவாட்டையும் சேர்த்து விட்டாள்

எங்கள் ஒரே மகன் சேவியர் போன வருசம் மழைக்காலத்தில், கொடைரோடு பக்கம் பைக் விபத்தில் இறந்துபோனான். அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்றே என் மனைவி புஷ்பம் நேர்ந்துகொண்டாள். அவன் ஆத்துமத்துக்காக ஒரு வருசம் கறி தொடமாட்டேன் என்று.

தவக்காலத்தில் செய்வதுபோல, கறிக்குப் பதில் கருவாடு. தினமும் கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய். அவளுக்கு ஏற்கெனவே பிரஷர் உண்டு. மாத்திரையைத் தவறாமல் போட்டும் ஏறிக்கொண்டே போனது. தூக்கமும் இல்லை. ஒருநாள் கத்திரிக்காய் பறிக்கும்போது வரப்பிலேயே சாய்ந்தாள். இப்படியே போனால் பக்கவாதம் வந்துவிடும் என்றார்கள் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில்.

பங்கு மக்களே, நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசக் கூசுவேன். ஆண்டவரிடமும் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. கோவிலில் பின்வரிசையில் முழங்காலிட்டு, "அவனைக் கேக்கல சாமி. இவளை மட்டும் விட்டுருங்க" என்றேன். அவ்வளவுதான் என் செபம்.

அந்த வாரமே, வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வரும் நர்ஸ் செல்வி எங்கள் வாசலில் நின்றார். நெற்றியில் விபூதி. புஷ்பத்துக்குப் பிரஷர் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"மாத்திரை போட்டும் இம்புட்டு இருக்கே! இன்னைக்கு என்ன வெஞ்சனம்க்கா?"

"கருவாடு. கறி திங்கமாட்டேன், நேர்ச்சை."

"நேத்து?"

"அதுவும் கருவாடுதான்."

"ஏக்கா, கறியை விட்டுட்டு உப்பு மூட்டையில்ல முழுங்குறீக!"

புஷ்பத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்புள்ளைக்கு நேந்தது. செத்தாலும் விடமாட்டேன்."

செல்வி பிரஷர் கருவியை மடித்து வைத்தார். பிறகு மெதுவாக, "விட வேணாம். கூட்டிக்கோங்க. கருவாடு, ஊறுகாயையும் தம்பிக்காக விட்டுருங்க" என்றார்.

புஷ்பம் அவரையே பார்த்தாள். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி எப்படிப்பட்ட புள்ளக்கா?" என்று கேட்டார். அவன் போனதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவன் பேரையே எடுத்ததில்லை. அன்று புஷ்பம் பேசினாள், அழுதாள், மறுபடி பேசினாள். செபமாலை சொல்லும்போது ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் ஒரு மூச்சாக நிதானமாக இழுத்து விடச் சொன்னார் செல்வி. மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது என்றார். வாராவாரம் வந்தார்.

கருவாட்டையும் ஊறுகாயையும் அவள் விட்டாள். பிரஷர் இறங்கியது. புஷ்பம் தூங்கினாள்.

மகனின் வருசப் பூசை இப்போதுதான் முடிந்தது. நேர்ச்சை தீர்ந்து கறி சமைத்தாள். உப்பு பேருக்குத்தான் இருந்தது. "அவன் இருந்தா தட்டைத் தள்ளிவிட்டுருப்பான்" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. நான் இன்னொரு அகப்பை கறி வாங்கிச் சாப்பிட்டேன்.

அவன் வரமாட்டான். ஆனால் நான் கேட்டவளை ஆண்டவர் விட்டுவைத்தார். உங்களுக்கும் செபத்தில் வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை, முழங்காலிடுங்கள். பிறகு வாசலில் யார் வந்து நின்றாலும், உள்ளே வரச்சொல்லுங்கள்.