இரண்டு பள்ளிகளையும் எல்லோருக்கும் கேட்ட கார்மாய்

லைபீரியாவிலிருந்து மினசோட்டாவுக்கு வந்து இறங்கியபோது கார்மாய் தோக்பாவுக்கு இருபத்திரண்டு வயது. ஆல்டர் லேக் புறநகரின் கல்விக் குழுவுக்கு முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்தபோது நாற்பத்தொன்று. இடைப்பட்ட காலத்தில் அவள் முதியோர் இல்லத்தில் செவிலி உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தாள், மணந்தாள், கெபே என்ற ஒரே மகளைப் பெற்றாள், கணவனை இழந்தாள், தங்கை லோர்ப்புவை வரவழைத்துத் தன் குடியிருப்பிலேயே எதிர்க்கட்டடத்தில் அமர்த்தினாள். ஆனால் அவள் பெயரை எடுத்தால் ஊரார் முதலில் பேசுவது அந்த நவம்பர் மாதச் சனிக்கிழமையைப் பற்றித்தான்.

அன்றைய ஆல்டர் லேக்கில் இரண்டு தொடக்கப்பள்ளிகள் இருந்தன. சொந்த வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் ஏரிக்கரைப் பள்ளியில் படித்தார்கள். வில்லோ கோர்ட் போன்ற வாடகைக் குடியிருப்புகளின் பிள்ளைகள் கல்குவாரித் தெருப் பள்ளியில் படித்தார்கள். இலவச மதிய உணவு பெறும் குழந்தைகள் ஒரு பள்ளியில் விரல்விட்டு எண்ணும் அளவிலும், மற்றதில் பாதிக்கு மேலும் இருப்பதைக் கண்ட கல்விக் குழு, சமநிலை காண விரும்பி ஒரு வரைபடம் தீட்டியது. வில்லோ கோர்ட்டை மூன்று துண்டாக்கி, ஒரு துண்டை ஏரிக்கரைப் பள்ளிக்கும், மற்ற இரண்டைப் பக்கத்து ஊர்களின் பள்ளிகளுக்கும் அனுப்புவது என்பது அதன் சாரம். ஏரிக்கரைப் பிள்ளைகள் ஒருவரும் இடம் மாற வேண்டியதில்லை.

அந்த வரைபடத்தின் ஒரு கோடு கார்மாயின் கட்டடத்துக்கும் லோர்ப்புவின் கட்டடத்துக்கும் நடுவே ஓடிற்று. விடியும் முன்பே வேலைக்குப் போகும் கார்மாயின் மகளையும், தன் மகளையும் சேர்த்தே பேருந்தில் ஏற்றிவிடுபவள் லோர்ப்பு. பள்ளிகள் பிரிந்தால் பேருந்துகள் பிரியும்; ஒரே நேரத்தில் இரண்டு நிறுத்தங்களில் லோர்ப்புவால் நிற்க முடியாது; சகோதரிகள் இருவரில் ஒருத்தி வேலையை விட வேண்டும்.

"மூணு துண்டா வெட்டறதுக்கு நாம என்ன கேக்கா?" என்றாள் லோர்ப்பு.

மாற்று யோசனை கார்மாய்க்கு வேலையிடத்தில் கிடைத்தது. முதியோர் இல்லத்தில் இரண்டு சாப்பாட்டுக் கூடங்கள். ஒன்று ஏரியைப் பார்த்தது, மற்றது நெடுஞ்சாலையைப் பார்த்தது. யாருக்கு எந்தக் கூடம் என்று பல ஆண்டுகள் நடந்த சண்டை, காலை உணவு எல்லோருக்கும் ஏரிக் கூடத்தில், மதிய உணவு எல்லோருக்கும் சாலைக் கூடத்தில் என்று மாற்றிய வாரமே அடங்கிப்போனது. பள்ளிகளையும் அப்படியே செய்தால் என்ன? இரு பக்கத்துச் சிறு பிள்ளைகளும் கல்குவாரித் தெருவில், சற்று வளர்ந்தவர்கள் எல்லோரும் ஏரிக்கரையில். யாரையும் துண்டாக்க வேண்டாம். எவரும் எந்தப் பள்ளியையும் தமக்கே என்று வைத்துக்கொள்ளவும் முடியாது.

வேலை முடிந்த மாலைகளில் அவள் ஏரிக்கரை வீடுகளின் கதவைத் தட்டினாள். எல்லோரும் புன்னகையோடு கேட்டார்கள். கேட்டு முடித்ததும், பேசிவைத்துக்கொண்டாற்போல ஒன்றையே சொன்னார்கள்: "ம்ம்... வித்தியாசமா இருக்கு."

"லோர்ப்பு, ஏரிக்கரை முழுக்க நம்ம பக்கம்டி!" என்று கத்திக்கொண்டே அவள் படியேறினாள். "போன வீடெல்லாம் அதே பேச்சு, வித்தியாசமா இருக்கு, வித்தியாசமா இருக்குன்னு!"

"நெஜமாவா அக்கா? ஒருத்தர்கூடவா மூஞ்சிய சுளிக்கல?"

"சுளிக்கிறதா? காரின் அக்கா மூணு தடவ சொன்னா. கேக்கு வேற கட்டிக் குடுத்தா!"

காரின் சோல்ஹெய்ம் ஏரிக்கரைப் பெற்றோர்களின் தலைவி. மினசோட்டாக்காரர்கள் ஒன்றை அறவே விரும்பாதபோது, எதிராளியின் மனம் நோகாமல் சொல்லும் சொல்தான் 'வித்தியாசமா இருக்கு' என்பது. பத்தொன்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தும் கார்மாய்க்கு இது தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அவள் பழகிய உள்ளூர்க்காரர்களில் பெரும்பாலோர் முதியோர் இல்லத்துக் கிழவர்கள். அவர்கள் ஊர் நாகரிகத்தையெல்லாம் கடந்த வயதினர். கஞ்சி பிடிக்காவிட்டால் கிண்ணத்தையே தள்ளிவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் எல்லாம் மக்கள் நின்றார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். நேரம் கரைவதைக் காட்ட மேசைமேல் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். குழுவில் ஏழு பேர். மூவர் வரைபடத்துக்குச் சாதகம், மூவர் எதிர். தலைவி கோஸ்ட்கா எந்தப் பக்கம் என்பது ஒருவருக்கும் தெரியாது.

கார்மாய் தன் யோசனையைத் தெளிவாகவே விளக்கினாள். மஞ்சள் விளக்கு எரிந்ததும் குரலை உயர்த்தினாள்.

"கடைசியா ஏரிக்கரைக் குடும்பங்களுக்கு நன்றி சொல்லணும். காரின் அக்கா, எந்திரிங்க, எல்லாரும் உங்களப் பாக்கட்டும்! நான் சொன்னதக் கேட்டுட்டு, வித்தியாசமா இருக்குன்னு மூணு தடவ சொன்ன மகராசி இவங்கதான்!"

எங்கோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். வில்லோ கோர்ட்டிலேயே குடியிருக்கும் உள்ளூர்க்காரர் லோவெல் அமுண்ட்சன் தன் குல்லாயால் முகத்தை மூடிக்கொண்டார். காரினின் முகம் காதுவரை சிவந்தது. நிலைமையைப் பார்த்த கோஸ்ட்கா, "பத்து நிமிஷம் இடைவேளை விடுவோம்," என்றாள்.

வெளி நடைக்கூடத்தில், காப்பி மேசைக்கருகே லோவெல் விஷயத்தை உடைத்தார்.

"கார்மாய், அவங்க உன்னப் பாராட்டல. வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"வேண்டாம்ங்கிற வார்த்தையே வரலையே அண்ணே!"

"இந்த ஊர்ல அது வரவே வராது. எங்க அம்மா மொத்தமே ரெண்டு தடவதான் சொல்லிக் கேட்டிருக்கேன். ஒண்ணு நாய்கிட்ட."

தட்டில் கடைசியாக ஒரு துண்டு இனிப்பு கிடந்தது. முழுதாக எடுப்பது மரியாதையல்ல என்று, வந்தவர் ஒவ்வொருவரும் அதில் பாதியை வெட்டி எடுத்து, மீதியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கார்மாய் மிச்சத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நேரே காரினிடம் போனாள்.

"காரின் அக்கா, வித்தியாசமா இருக்குன்னா வேண்டாம்னு அர்த்தமா?"

"அது... அப்படி நேரா இல்லைங்க."

"அப்ப வேணும்னு அர்த்தமா?"

"அப்படியும் இல்ல."

"அம்மாடி! ரெண்டுக்கும் நடுவுல என்னதான் இருக்கு? பல்லு கிட்டிச்சுப்போற குளிர்ல உங்க வாசல்ல நின்னேனே. வேண்டாம்னு அங்கேயே சொல்லியிருந்தா நான் சண்ட போட்டிருப்பேன், நீங்களும் போட்டிருப்பீங்க, அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"மூஞ்சிக்கு நேரா சொல்லி எங்களுக்குப் பழக்கமில்ல."

"இப்பப் பழகுங்க. ஏன் வேண்டாம்?"

காரின் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "என் சின்னவனுக்கு ஆறு வயசு. அவன பஸ்ல ஏத்தி கல்குவாரித் தெருவுக்கு அனுப்பறதுன்னா..."

"என் பொண்ணு அந்தத் தெருவுக்குத்தான் தெனம் போறா. அந்தப் பள்ளிக்கூடத்துல என்ன குறைச்சல் கண்டீங்க?"

காரின் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "நான் அங்க போனதே இல்லைங்க," என்றாள்.

"போனதே இல்லையா!" என்ற கார்மாயின் குரல் நடைக்கூடம் முழுக்கக் கேட்டது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

அடுத்துப் பேச வேண்டியவள் காரின். பச்சை விளக்கு எரிந்தது. கார்மாய் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"வித்தியாசமா இருக்குன்னு நான் சொன்னது உண்மை. எந்த அர்த்தத்துல சொன்னேன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்." கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "இப்ப அவங்க என்கிட்ட ஏன்னு கேட்டாங்க. நான் அந்தப் பள்ளிக்கூடத்துல கால் வச்சதே இல்ல. அத ஒரு காரணம்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. இந்த யோசனைக்குப் பயப்படலைன்னு நான் சொல்ல மாட்டேன், பயமாத்தான் இருக்கு. ஆனா எங்க பிள்ளைங்கள அசைக்காம, அவங்க பிள்ளைங்கள மட்டும் மூணாப் பிரிச்சு, அதுக்குச் சமநிலைன்னு பேரு வைக்கிறது... வேண்டாம்."

"காரின்!" என்று பின்வரிசையில் ஒரு ஆண்குரல் அதட்டியது.

"வேண்டாம்னுதான் சொன்னேன்," என்று திரும்பிப் பாராமலே சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

வாக்கெடுப்பு நடந்தது. மூன்று கைகள் வரைபடத்துக்கு ஆதரவாக உயர்ந்தன. எதிர்ப்பவர்கள் யார் என்றதும் மூன்று கைகள் உயர்ந்தன. பிறகு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கோஸ்ட்காவும் கை உயர்த்தினாள். வரைபடம் வீழ்ந்தது. இரு பள்ளிகளையும் இணைத்து நடத்தும் திட்டத்தை அடுத்த கல்வியாண்டுக்காகத் தயாரிப்பது என்ற தீர்மானமும் அதே நான்கு வாக்குகளில் நிறைவேறியது.

கார்மாய் குதித்தாள். லோவெலின் குல்லாயைப் பிடுங்கிக் கூரைக்கு எறிந்தாள். கோஸ்ட்கா அமைதி கேட்டு மேசையைச் சுத்தியலால் தட்டத் தட்ட, வில்லோ கோர்ட் வரிசைகள் பாடவே தொடங்கிவிட்டன.

வாசலில் காரின் காத்திருந்தாள். "திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்தப் பாக்க வரலாமா?"

"வாங்க! நான் வேலைக்குப் போயிடுவேன், என் தங்கச்சி கூட்டிட்டுப் போவா. அவ பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, தாங்கிக்குங்க."

கார் நிறுத்துமிடத்தில் காலடியில் பனி நொறுங்கிச் சரசரத்தது. பிள்ளைகளோடு வீட்டில் இருந்த தங்கையைக் கார்மாய் தொலைபேசியில் அழைத்தாள்.

"பிரிக்கலடி! யாரையும் பிரிக்கல!"

மறுமுனையில் கூச்சல், பிள்ளைகள் இருவரின் கூச்சலும் அதில் கலந்திருந்தது. அது அடங்கக் காத்திருந்து கார்மாய் சொன்னாள்: "திங்கட்கிழம காரின் அக்கா உன் வீட்டுக்கு வர்றா. நீதான் பள்ளிக்கூடத்தக் காட்டணும்."

"யாரு, ஏரிக்கரைக்காரியா? ஐயோ அக்கா, வீட்டுல காப்பி குடுக்கக் கைப்பிடியோட ஒரு கப்புகூட இல்லியே!"