பதினோராம் அத்தியாயம் வரை சொல்லாதவன்

என் மகள் மாதத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து ரத்தம் ஏற்றிக்கொள்வாள். தலசீமியா. அவளுடைய உடம்பு தேவையான ரத்தத்தைத் தானே செய்யாது. எனக்கும் அவள் உம்மாவுக்கும் ரத்தத்தில் அந்த நோயின் ஒரு பங்கு இருந்ததாம். கலியாணம் முடிக்கும்போது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் சுகமாகத்தான் இருந்தோம்.

ரத்தம் இறங்கி முடிய அரைநாள் போகும். நான் பாலாவி உப்பளத்தில் வேலை செய்கிறவன். சும்மா இருந்து பழக்கமில்லை. கதிரையில் இருப்பேன், எழும்புவேன், ஜன்னலுக்குப் போவேன். அவள் போனில் கதை வாசிப்பாள். எல்லாம் ஒரே மாதிரிக் கதை. ரத்தம் குடிக்கிற பேய்க்கும் ஒரு பெண்ணுக்கும் காதல்.

"வேற கதை கெடைக்கல்லையா ஒனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குப் பொருத்தம் இதுதானே வாப்பா. நானும் அடுத்தாக்கள்ட ரத்தத்துலதானே ஈக்கிறன்."

பக்கத்துக் கட்டில் பெண் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அதன் பிறகு எனக்கும் வாசித்துக் காட்டினாள். மூன்று கதை கேட்டதும் நாலாவதை நானே சொல்லக்கூடியதாக இருந்தது. பெண் புது ஊருக்கு வருவாள். மழை பெய்யும். பெரிய வீட்டில் ஒருத்தன் தனியாக இருப்பான். வெளுத்த முகம், குளிர்ந்த கை. கிட்ட வருவான். பிறகு காரணம் சொல்லாமல் விலகிப் போவான்.

"முந்நூறு வயசு என்டா, இன்னும் கலியாணம் முடிக்கல்லையா அவன்?"

"இவளுக்காகக் காத்துக்கிட்டு ஈந்தானாம்."

"தரகர் இல்லாத ஊர் போல."

அந்த மாதம் எங்கள் வீட்டுக்குத் தரகர் வந்திருந்தார். மாப்பிள்ளை நுரைச்சோலையில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். வந்து பார்த்தார்கள், பிடித்துக்கொண்டது. நோய் நொடி என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

"நிக்காஹ் முடியட்டும், பொறகு பார்ப்பம்," என்றாள் மனைவி. நானும் ஓம் என்றேன். முன்பு வந்த இரண்டு இடமும் சொன்னவுடனே போய்விட்டது.

அடுத்த முறை ரத்தம் ஏறும்போது மகள் புதுக்கதை வாசித்தாள். பாதியில் போனை வயிற்றில் வைத்தாள்.

"இவனும் தான் பேயென்டு அவளுக்குச் செல்லமாட்டான், பாருங்க வாப்பா. பத்து அத்தியாயம் மறைப்பான். பதினோராவதுல அவளாக் கண்டுபிடிப்பாள். அழுவாள். பன்னிரண்டாவதுல மன்னிப்பாள்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். மன்னிக்காட்டி கதைய முடிக்க ஏலாதே." போனை அணைத்தாள். "எனக்கு அவன் மாதிரி ஈக்க ஏலா வாப்பா. கலியாணத்துக்கு முந்தி அவருக்கு என்ட நோயச் செல்லுங்க."

நான் ஜன்னலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். ரத்தப் பையில் இன்னும் பாதி இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் நுரைச்சோலைக்கு பஸ் ஏறினேன். மாப்பிள்ளை பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கதிரை எடுக்கப் போனவரை மறித்து, நின்றபடியே சொன்னேன். மாதம் ஒரு தரம் ரத்தம். எப்போதும். உங்களிடமும் அந்தப் பங்கு இருந்தால் பிறக்கிற பிள்ளைக்கும் இந்த நோய் வரலாம். சோதித்துப் பார்க்க வேண்டும்.

அவர் தண்ணீரை மூடவில்லை. ஒரு பாத்தி நிரம்பி அடுத்ததுக்குள் வழிந்தது.

"நீங்க வந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"மகள்தான் போகச் சொன்னா. பொஞ்சாதிக்குத் தெரியா."

அவர் மண்வெட்டியை எடுத்து வழிந்த பாத்தியை அடைத்தார்.

ஒரு கிழமை அவரிடமிருந்து சத்தமில்லை. உப்பு வாரும்போதும் போனைச் சாரத்து மடியில் வைத்திருந்தேன். பிறகு அவரே போனில் அழைத்தார். ரத்தம் சோதிக்க ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாராம்.

போனேன். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தார். முடிவு வர இரண்டு கிழமை ஆகும் என்றார்.

"வீட்டுல என்ன செல்றாங்க?"

"உம்மாக்கு இன்னும் செல்லல்ல."

"செல்லுங்க மகன். இன்டைக்கே செல்லுங்க."

"நீங்க மாமிக்குச் செல்லிட்டீங்களா?"

 அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் தில்லையடியில் இருக்கிற வீடு வரை நடந்தேன். வழியில் இரண்டு தரம் நின்றேன். வீட்டில் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கத்திய வை," என்றேன். "நான் நுரைச்சோலைக்குப் போனன்."